முடிக்கொத்து நோயின் புகலிடம் எது?

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்வோர் நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் கடந்து களியக்காவிளையை அடைகின்றனர். பழைய திருவிதாங்கூரில் இவை ஒரே நாட்டின் அடுத்தடுத்த ஊர்கள். 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலச் சீரமைப்பு நடந்தபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன; நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஆயினும் எல்லைக்கோட்டின் இருமருங்கிலும் ஒரே செம்மண், ஒரே பயிர். தென்னையின் ஊடே ஏத்தனும் செந்துளுவனும், வரப்போரம் சேம்பு, மேட்டு நிலத்தில் மரச்சீனி. பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்கள் இருபுறமும் உள்ளன. உறவினர் வீட்டிற்குச் சென்று திரும்புவோர், நல்ல குலை ஈன்ற வாழையின் கன்றொன்றைக் கேட்டு வாங்கி வருவதும் உண்டு. அக்கன்றோடு சில வேளை ஒரு நோயும் உடன் வருகிறது. அந்நோயின் வரலாறே இன்றைய பேச்சின் பொருள்.

தமிழில் அதனை முடிக்கொத்து நோய் என்கிறோம். மலையாளத்தில் குறுநாம்பு என்றும் கூம்படப்பு என்றும் கூறுவர். நோய் கண்ட வாழையின் இலைக் காம்பிலும் நரம்பிலும் கரும்பச்சைக் கோடுகளும் புள்ளிகளும் தோன்றும். புதிய இலைகள் குறுகி, சிறுத்து, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாகத் திரண்டு நிற்கும். இளமையில் நோயுற்ற மரம் பெரும்பாலும் குலை தள்ளுவதில்லை. இதற்குக் காரணம் ஒரு நச்சுயிரி. அதனை ஒரு வாழையிலிருந்து மற்றொன்றிற்குக் கொண்டு செல்வது, இலையுறைகளின் இடுக்கில் கூட்டமாக வாழும் பழுப்புநிற அசுவினி. நோயுற்ற வாழைக்கு மருந்து இல்லை.

இந்நோய் 1889ஆம் ஆண்டில் பிஜித் தீவுகளில் பதிவாயிற்று. 1913ஆம் ஆண்டளவில் இலங்கையிலும் ஆஸ்திரேலியாவிலும் காணப்பட்டது. பிஜியிலிருந்து சென்ற கன்றுகளே ஆஸ்திரேலியாவிற்கு அதனைக் கொணர்ந்தன என்பர். பத்தே ஆண்டுகளில் அங்கு வாழைத் தொழில் நிலைகுலைந்தது. மாகீ என்னும் இளம் ஆராய்ச்சியாளர் 1920-களில் அசுவினியின் பங்கை மெய்ப்பித்தார். நோயுற்ற மரங்களை அழித்தல், தூய கன்றுகளையே நடுதல் என்னும் இரு விதிகளைச் சட்டமாக்கியதனால் அத்தொழில் மீண்டது. திருவிதாங்கூருக்கு இந்நோய் 1940ஆம் ஆண்டளவில் இலங்கையிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. கோட்டயப் பகுதியில் தோன்றிய அது தென்திசை நோக்கிப் பரவிற்று.

வாழை இல்லாத காலத்தில் நோய் எங்கே ஒளிந்திருக்கிறது என்னும் வினா உடனே எழுந்தது. இங்குச் சொல்லை வரையறுத்துக் கொள்வது நலம். மாற்று ஓம்புயிர் என்று நாம் பொதுவாகக் கூறுவதில் இருவகை உண்டு. ஒன்று, நோய்க்கிருமி தன் வாழ்க்கைச் சுற்றை நிறைவு செய்ய இன்றியமையாத இரண்டாம் செடி. மற்றொன்று, முதற்பயிர் இல்லாதபோது தங்கிச் செல்லும் புகலிடச் செடி. முன்னதற்குப் புகழ்பெற்ற சான்று, கோதுமையின் தண்டுத் துரு நோயும் பார்பெரிப் புதரும். அமெரிக்காவின் கனெக்டிகட் குடியேற்றத்தில் 1726ஆம் ஆண்டிலேயே அப்புதரை ஒழிக்கச் சட்டம் செய்தனர். 1865இல் ஜெர்மானிய அறிஞர் டி பாரி இரண்டிற்கும் உள்ள தொடர்பை நிறுவினார்.

நம் நாட்டிலும் மலைகளில் பார்பெரிப் புதர் உண்டு. ஆகவே இங்கும் அதுவே குற்றவாளி எனக் கருத இடமிருந்தது. ஆனால் ஆக்ரா கல்லூரிப் பேராசிரியர் கே. சி. மேத்தா பல்லாண்டுகள் ஆராய்ந்து வேறொரு முடிவிற்கு வந்தார். சமவெளியின் கோடை வெப்பத்தில் துருவின் வித்துகள் மடிகின்றன. குளிர்ந்த மலைகளில், பருவம் மாறி விளையும் கோதுமையின் மீதும் தானே முளைத்த கோதுமையின் மீதும் அவை உயிர் பிழைத்து, காற்றின் வழி மீண்டும் சமவெளிக்கு வருகின்றன. தென்னாட்டில் அத்தகைய இடங்கள் நீலகிரியும் பழனி மலையும். ஆண்டுதோறும் நோய் திரும்புவதற்குப் பார்பெரி காரணமன்று; கோதுமைக்குக் கோதுமையே புகலிடம்.

வாழையின் கதையும் இத்தகையதே. அசுவினி சேம்பிலும் ஏலத்திலும் காணப்பட்டதால் ஐயம் அவற்றின்மேல் விழுந்தது. சேம்பு இந்நச்சுயிரியின் இருப்பிடமென 1984இல் இந்திய ஆய்வாளர் இருவர் எழுதினர். ஆனால் ஆஸ்திரேலியாவில் கியரிங், தாமஸ் என்போர் பல செடிகளைத் தேடி ஆராய்ந்து 1997இல் வெளியிட்ட முடிவு, வாழையினம் தவிர வேறு ஓம்புயிர் அங்குக் கிடைக்கவில்லை என்பதே. 2010இல் மற்றோர் உண்மையும் தெளிவாயிற்று. வாழையில் வாழும் அசுவினியும், சேம்பிலும் ஏலத்திலும் வாழும் அசுவினியும் உருவில் ஒத்தவையாயினும் வெவ்வேறு இனங்கள். வரப்போரச் சேம்பின்மேல் சுமத்திய பழி பெரும்பாலும் இறங்கிவிட்டது.

அப்படியாயின் நோய் தங்குமிடம் எது? வாழைக் கிழங்கே. நோயுற்ற தாயிலிருந்து எழும் கன்றுகளும் நோயைச் சுமக்கின்றன. சில நாட்கள் அடையாளம் புலப்படாமலும் இருக்கும். ஆஸ்திரேலியத் தோட்டங்களில் அளந்தபோது, புதிதாக நோயுற்றவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு, பழைய நோய் மரத்திற்கு 20 மீட்டருக்குள்ளேயே இருந்தன. 86 மீட்டருக்கு அப்பால் சென்றது நூற்றுக்கு ஒன்றே. அசுவினியின் பயணம் இவ்வளவுதான். கடலையும் மலையையும் மாநில எல்லையையும் நோய் கடந்தது மனிதர் கையிலிருந்த கன்றினால்.

இதனை உணர்ந்தே இந்திய அரசு 1914ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 1959இல், நோயுள்ள மாநிலங்களிலிருந்து பிற மாநிலங்களுக்குக் கன்றுகள் செல்வதைத் தடுத்தது. பழத்திற்குத் தடையில்லை. எனினும் சாலையில் லாரியை நிறுத்திப் பார்க்கலாம். தோப்பு வழியே தலைச்சுமையாகப் போகும் கன்றை யார் நிறுத்துவது? கீழ்ப்பழனி மலையில் விருப்பாச்சி வாழை இந்நோயால் பெருமளவு அழிந்தது நமக்கு எச்சரிக்கை.

பாறசாலையிலும் களியக்காவிளையிலும் உள்ள உழவர் கன்று கொடுப்பதை நிறுத்த வேண்டுவதில்லை. கொடுக்குமுன் தாய்மரத்தையும் அதனைச் சூழ்ந்த வாழைகளையும் நன்கு பார்த்தல் வேண்டும். இலைக் காம்பில் கரும்பச்சைக் கோடு இருப்பின் முதலில் அசுவினியை மருந்திட்டுக் கொன்று, பின்னர் மரத்தைக் கிழங்கோடு அகழ்ந்து அழித்தல் வேண்டும். ஐயமிருப்பின், நச்சுயிரி இல்லையெனச் சோதித்த திசு வளர்ப்புக் கன்றுகளை வாங்கலாம். அண்டை நிலத்துச் சேம்பைப் பழிப்பது எளிது. நம் கையிலுள்ள கன்றை ஐயுறுவது கடினம். நோயின் வரலாறு நம்மைக் கேட்பது அந்தக் கடினமான செயலையே.