பசியை அறியும் கிருமி: வாந்திபேதியும் எங்கட கிணறுகளும்

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவில், கடலுக்குள்ளே ஒரு கோட்டை நிற்கிறது. எங்கட ஆக்கள் கடற்கோட்டை என்பார்கள். ஒல்லாந்தர் வைத்த பெயர் ஹம்மன்ஹீல். போர்த்துக்கேயர் கட்டிய அந்தக் கோட்டையை 1658இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டபோது, பீரங்கிக் குண்டு பட்டு உள்ளே இருந்த நல்ல தண்ணீர்த் தொட்டி உடைந்தது. சுற்றிவரக் கடல், குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லை. கோட்டை பணிந்தது. பிறகு, பிரித்தானியர் காலத்தில், தொற்றுநோயாளரைப் பிரித்து வைக்கும் மருத்துவமனையாகவும் அது பயன்பட்டது. இன்றைக்கு அங்கே கடற்படை நடத்தும் விடுதி இருக்கிறது.

தண்ணீர், நோய், ஆட்களை ஒதுக்கி வைத்தல். இந்த மூன்றும் சேர்ந்த ஒரு வரலாற்றைத்தான் இங்கே பேச விரும்புகிறோம். அதற்கு வாந்திபேதி, அதாவது கொலரா, பொருத்தமான உதாரணம்.

19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணக் குடாநாட்டைக் கொலரா பலமுறை உலுக்கியது. 1866-67இல் வந்த அலை மிகக் கொடியது. அந்தக் காலத்தில் மானிப்பாயில் இருந்தவர் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். 1847இல் வந்து, எங்கட பெடியங்களுக்குத் தமிழிலேயே மேலைத்தேய மருத்துவம் படிப்பித்தவர். ‘இரண வைத்தியம்’ 1867இலும் ‘கெமிஸ்தம்’ 1875இலும் அச்சாகின. ஆனால் கொலரா எதனால் வருகிறது என்று அந்த நாட்களில் உலகமே ஒரு முடிவுக்கு வரவில்லை. கெட்ட காற்று என்றார்கள் பலர். அம்மன் கோபம் என்றார்கள் வேறு சிலர். 1854இலேயே லண்டனில் ஜோன் ஸ்நோ குடிநீரைக் காட்டியிருந்தார். அதே ஆண்டு இத்தாலியில் பிலிப்போ பசீனி நுணுக்குக்காட்டியில் கிருமியைக் கண்டிருந்தார். இரண்டையும் கனபேர் கணக்கில் எடுக்கவில்லை. 1884இல் றொபேர்ட் கோக் கல்கத்தாவில் வைத்து அந்த வளைந்த கிருமிதான் காரணம் என்று அறிவித்தார். கிறீன் அமெரிக்காவில் இறந்ததும் அதே ஆண்டில்தான்.

கிருமி பிடிபட்டதும் ஒரு எளிய கதை உருவாகிவிட்டது: கிருமிதான் எதிரி, அதைச் சுமந்து வருபவர்கள் ஆபத்தானவர்கள். தென்னிந்தியாவில் இருந்து மலையகத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர் மன்னார்ப் பாதையில் கொலராவால் விழுந்து செத்தார்கள். 20ஆம் நூற்றாண்டில் இலங்கை அரசாங்கம் மண்டபத்தில் முகாம் நடத்தி, கப்பலேறும் முன்பே அவர்களைத் தடுத்து வைத்துச் சோதித்தது. கோயில் திருவிழாவுக்குக் கூடும் சனமும் இதே சந்தேகத்துக்கு ஆளானது. அவர்கள் வழியில் குடித்த தண்ணீர் எப்படிப்பட்டது, வயிற்றில் சோறு இருந்ததா என்ற கேள்விகள் பின்னுக்குப் போயின.

அந்த எளிய கதையில் முதல் விரிசலை உண்டாக்கியவர் கல்கத்தாக்காரர் சம்பு நாத் தே. கிருமி சுரக்கும் ஒரு நச்சுத்தான் குடலில் இருந்து தண்ணீரைக் கொட்டவைக்கிறது என்று 1959இல் அவர் காட்டினார். உயிரோடு இருந்த காலத்தில் அவருக்குரிய மதிப்புக் கிடைக்கவில்லை. அவருடைய கண்டுபிடிப்புக்குப் பிறகு கேள்வியே மாறியது. கிருமி எப்போதும் நச்சைச் சுரக்கிறதா? இல்லையென்றால், எப்போது சுரக்க வேண்டும் என்று அதற்கு எப்படித் தெரியும்?

விடையின் ஒரு பகுதி சாப்பாட்டில் இருக்கிறது. கொலராக் கிருமியின் சொந்த வீடு மனிதக் குடல் இல்லை. ஆறு கடலில் கலக்கும் இடங்களிலும் களப்புகளிலும், உப்பு அளவாகக் கலந்த தண்ணீரில் அது வாழக்கூடியது. இறால், நண்டு இனத்துச் சின்னஞ்சிறு மிதவை உயிர்களின் ஓட்டில் ஒட்டிக்கொண்டு, அந்த ஓட்டில் உள்ள கைற்றினைச் சாப்பிடும். அங்கே ஆளைக் கொல்லும் நச்சால் அதற்குப் பெரிய பிரயோசனம் இல்லை.

அப்போ அது என்ன செய்கிறது? நல்ல சர்க்கரை கிடைக்காதபோது, அதன் கலத்துக்குள் சைக்கிளிக் ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறு கூடும். பசிச் செய்தி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கோ. அந்தச் செய்தியை ஏந்தும் சீஆர்பி என்ற புரதம், நச்சு மரபணுக்களைத் திறக்கும் சங்கிலியின் தொடக்கக் கண்ணியை அடக்குகிறது. 1997இல் அமெரிக்காவில் கரென் ஸ்கொருப்ஸ்கியும் ரொனால்ட் டெய்லரும் இதைக் காட்டினார்கள். பொஸ்பேற்று தட்டுப்பட்டாலும் வேறொரு புரதம் இதே இடத்தில் கை வைக்கிறது. குடலுக்குள் போனதும் நிலைமை வேறு. உடல் சுரக்கும் பைகார்பனேற்று, நச்சைத் தொடக்கிவிடும் சைகைகளில் ஒன்று. வெளியேறப் போகும் கடைசி நேரத்தில், தண்ணீரில் பிழைக்கத் தேவையான மரபணுக்களை முன்கூட்டியே திறந்துகொள்கிறது. நோயாளியின் மலத்தோடு புதிதாக வெளியேறிய கிருமிகள், ஆய்வுகூடத்தில் வளர்த்தவற்றைவிடக் குறைந்த எண்ணிக்கையிலேயே நோயை உண்டாக்கிவிடும். மலக்குழியும் கிணறும் அருகருகே இருந்தால் நோய் ஏன் இவ்வளவு கெதியாகப் பரவுகிறது என்பது இதில் இருந்து விளங்கும்.

ஆக, கிருமியின் கொடூரம் அதன் பிறவிக் குணம் மட்டும் இல்லை. எங்கே இருக்கிறோம், என்ன கிடைக்கிறது என்று பார்த்து அது தன்னை மாற்றிக்கொள்கிறது. அதனால் நோயைத் தடுக்க, கிருமியை மட்டும் துரத்தினால் போதாது, அது கடந்து வரும் வழியையும் பார்க்க வேண்டும். வங்காளதேசக் கிராமங்களில், பழைய சேலையைப் பல மடிப்பாக மடித்துத் தண்ணீர் வடித்த குடும்பங்களில் கொலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்று ரீற்றா கொல்வெல் குழுவினர் 2003இல் எழுதினார்கள். துணியில் சிக்கியது கிருமி ஒட்டியிருந்த மிதவை உயிர். நோய் வந்த பிறகு உயிர் காப்பதும் எளிய பொருட்கள்தான். நாங்கள் ‘ஜீவனி’ என்று வாங்கும் பொதியில் இருப்பது சர்க்கரையும் உப்புக்களும். குடல் குளுக்கோசை உள்ளிழுக்கும்போது சோடியமும் கூடவே போகும், தண்ணீர் பின்னால் போகும்.

திரும்ப எங்கட தீவுகளுக்கு வருவோம். நெடுந்தீவிலும் நயினாதீவிலும் எது நல்ல தண்ணீர்க் கிணறு, எது சவர்க் கிணறு என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் மழைநீர் மெல்லிய படையாக, கீழே கிடக்கும் உப்புநீரின் மேல் மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு ஏறும். மலக்குழியில் இருந்து கசிவதையும் அந்த வெடிப்புகள் வடிகட்டாமல் கடத்திவிடும். திருவிழாவுக்கு குறிகட்டுவானில் இருந்து படகு படகாகச் சனம் நயினாதீவுக்கு வரும் நாட்களில் அந்த மெல்லிய படைதான் பாரத்தைத் தாங்குகிறது.

கொலரா இன்று எங்கட வாசலில் இல்லை. ஆனால் நெருப்புக் காய்ச்சலும் வயிற்றோட்டமும் இதே தண்ணீர் வழியாகத்தான் வருகின்றன. அடுத்த முறை ஒரு நோய் வந்தால், “ஆர் கொண்டுவந்தது?” என்று கேட்கத்தான் முதலில் வாய் வரும். அதற்கு முன்னால் கேட்க இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையில் எத்தனை அடி? தீவில் எல்லாருக்கும் நல்ல தண்ணீர் கிடைக்கிறதா?