சீவாளியும் சொற்கட்டும்: பெங்களூர் வழியாக ஒரு மரபுக்குள் நுழைந்தவர்கள்

(சற்று நீண்ட பதிவு. இசை வரலாறு பயிலும் மாணவர்களை மனத்திற்கொண்டு எழுதியது.)

1983இல் மூனிக் நகரத்து ஈசிஎம் நிறுவனம் ‘ஜோதி’ என்னும் இசைத்தட்டைப் பதிவுசெய்தது. அட்டையில் இரண்டு பெயர்கள் உள்ளன: சார்லி மரியானோ, கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன். முன்னவர் பாஸ்டனில் பிறந்த ஜாஸ் கலைஞர். பின்னது 1964 முதல் பெங்களூரில் இயங்கிய தாளவாத்தியக் கல்லூரி. ஆர். ஏ. ரமாமணியின் குரல், டி. ஏ. எஸ். மணியின் மிருதங்கம், ஆர். ஏ. ராஜகோபாலின் கடமும் மோர்சிங்கும், டி. என். சசிகுமாரின் கஞ்சிரா, இவற்றுக்கிடையே கொன்னக்கோல். மரியானோ இத்தட்டில் வாசிப்பது சாக்சபோனும் புல்லாங்குழலும். நாகசுரம் இல்லை.

இந்த ‘இல்லை’ எளிதில் கடந்துபோகத் தக்கதன்று. ஏனெனில், மரியானோ அப்போதே பல ஆண்டுகளாக நாகசுரம் பயின்றுவந்தவர். தென்னிந்தியத் தாளக் கலைஞர்களோடு அவர் சேர்ந்து பதிவுசெய்த இந்தத் தட்டில் அக்கருவி ஏன் ஒலிக்கவில்லை? ஒரு கலைஞரின் தனி விருப்பம் என்று விடை சொல்லிவிடலாம். அதுவும் உண்மையாக இருக்கக்கூடும். ஆயினும் ஒரு மரபுக்குள் புதிதாக நுழைகிறவர் அங்கிருந்து எதைக் கொண்டு வர முடிகிறது, எது அந்த மண்ணிலேயே தங்கிவிடுகிறது என்னும் கேள்விக்கு இத்தட்டு நல்ல நுழைவாயில் என்று கருதுகிறேன்.

மரியானோ (1923–2009) ஸ்டான் கென்டன் குழுவிலும், 1963இல் சார்லஸ் மிங்கஸின் புகழ்பெற்ற ‘தி பிளாக் செயின்ட் அண்ட் தி சின்னர் லேடி’ பதிவிலும் வாசித்தவர். பெர்க்லி இசைக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். நாகசுரம் அவர் செவியில் விழுந்த இடம் தஞ்சாவூர் அன்று, மலேசியா. 1960களின் பிற்பகுதியில் அங்குள்ள வானொலி இசைக்குழுவோடு பணியாற்றச் சென்றபோது அதைக் கேட்டார், பயிலத் தொடங்கினார். புலம்பெயர்ந்த தமிழர் தம் கோயில்களோடு கொண்டுசென்று காத்த மேளம் ஓர் அமெரிக்கருக்கு ஆசானாயிற்று என்பதை ஜாஸ் வரலாறு ஒரு வரியில் கடந்துவிடுகிறது. தமிழ்ப் புலம்பெயர்வு வரலாறு அதை ஒரு வரியிலும் சொல்வதில்லை. பின்னர் இந்தியாவிற்கே வந்து கற்றார். ஜெர்மனியின் எம்பிரியோ குழுவின் ‘வி கீப் ஆன்’ (1973), எபர்ஹார்ட் வெபரின் ‘யெல்லோ ஃபீல்ட்ஸ்’ (1975) ஆகிய தட்டுகளில் அவருடைய நாகசுரத்தைக் கேட்கலாம். அங்கே அது ஒரு நிறம். இராகத்தின் முழு உருவன்று. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. கேட்பவர் எவருக்கும் அந்த வேறுபாடு தெரியும். மரியானோவின் செவிக்கு நம்மைவிட நன்றாகவே தெரிந்திருக்கும்.

சாக்சபோனிலிருந்து வருகிறவருக்கு நாகசுரம் எங்கே கடினப்படுகிறது? சாக்சபோனில் ஒற்றை நாணல். விரல் அழுத்தினால் மூடித் திறக்கும் உலோகச் சாவிகள். ஒவ்வொரு சுரத்துக்கும் பெரும்பாலும் உறுதியான இடம். நாகசுரத்திலோ இரட்டை நாணலாலான சீவாளி, விரல்களுக்கு 7 துளைகள், சாவி ஏதுமில்லை. துளையைப் பாதி மூடுவதாலும் மூச்சின் அழுத்தத்தாலும் உதட்டின் பிடியாலும் சுரம் வளைகிறது. கமகம் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு விரலில் இல்லை, காற்றில் இருக்கிறது. சீவாளியோ உயிருள்ள பொருளைப் போன்றது. எச்சில் ஈரத்தில் பதப்படுகிறது, வெயிலில் இறுகுகிறது, சில நாளில் களைத்துப்போகிறது. அதனால்தான் வித்துவான்களின் கருவியில் ஒரு கொத்துச் சீவாளி எப்போதும் தொங்குகிறது. அதைச் செய்வோரும், ஆச்சா மரத்தில் குழல் கடைவோரும் காவிரிக் கரையில் சில ஊர்களில் வாழ்கிறார்கள். 2022இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை அவற்றுள் ஒன்று. கருவியை விமானத்தில் கொண்டுபோகலாம். சீவாளி தீர்ந்தால் அந்தக் கரைக்குத்தான் திரும்ப வேண்டும்.

இது பொருளின் கட்டு. இதைவிட இறுக்கமானது காலத்தின் கட்டு. மல்லாரி சுவாமி புறப்பாட்டுக்குரியது. இரவு பூசைக்கும் விடியலுக்கும் தனித்தனி இராகங்கள் உண்டு. வீதி எங்கே திரும்புகிறதோ அதற்கேற்ப ஆலாபனை நீளும், சுருங்கும். சுருக்கமாகச் சொன்னால், பாடத்திட்டம் கோயிலின் நாளேட்டுக்குள் இருக்கிறது. மூன்றாவது கட்டு சாதி. இசை வேளாளர் குடும்பங்களிலும், அவரை ஒத்த பிற தொழில்முறைச் சமூகங்களிலும் கல்வி வீட்டுக்குள் நிகழ்ந்தது. சிறுவன் முதலில் தாளம் தட்டுவான். பிறகு ஒத்து ஊதுவான். மணிக்கணக்கில் ஒரே சுருதியைப் பிடித்து நின்றபடி பெரியவர்களின் வாசிப்பை உள்வாங்குவான். ஒத்து என்பது சுருதிக்கான கருவி மட்டுமன்று, கற்பவனுக்கு மேளத்துக்குள் ஒதுக்கப்பட்ட இருக்கையுமாகும். சுருதிப் பெட்டி ஒத்தின் இடத்தை எடுத்துக்கொண்டபோது, ஒலியின் செறிவு குறைந்ததாக மட்டுமே இரசிகர்கள் வருந்தினார்கள். ஒரு மாணவனின் இருக்கை அகற்றப்பட்டது என்பதை எவரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை.

இதே வகைக் கருவி இணை ஐரோப்பாவிலும் உண்டு. பிரான்சின் வடமேற்கு முனையில் கெல்ட்டிய மொழி பேசிய பிரெத்தோன் மக்களிடம் பொம்பார்ட் என்னும் இரட்டை நாணல் குழலும், பினியூ என்னும் சிறிய துருத்திக் குழலும் சேர்ந்தே ஒலிக்கின்றன. பொம்பார்ட் உதட்டைக் களைப்படையச் செய்வது. ஊதுபவர் ஓர் அடியை வாசித்துவிட்டு ஓய்கையில் பினியூ அதே அடியைத் திருப்பிச் சொல்கிறது. கான் ஹ டிஸ்கான் எனப்படும் அவர்களது பாடல் முறையிலும் இருவர் இவ்வாறே அடிகளின் இறுதியில் ஒருவரை ஒருவர் தழுவிக்கொண்டு பாடுகிறார்கள். ஒவ்வொரு அடியும் இருமுறை ஒலிப்பதால் புதியவர் செவிக்கு மரபே ஒரு சலுகை தருகிறது. அவர் முதலில் சேர்வது பாட்டில் அன்று, நடன வரிசையில். கால் கற்றபின் வாய் கற்கிறது. இம்மரபு கிராமங்களில் மங்கிய காலத்தில், 1943இல் தோன்றிய குழலிசையோர் சங்கமான போதாதெக் ஆர் சோனெரியோன், ஸ்காட்லாந்துத் துருத்திக் குழல்களையும் முரசுகளையும் சேர்த்துப் பகாட் என்னும் பெருங்குழுவை வளர்த்தது. 1950களில் லோயிஸ் ரோபார்ஸ் முதலானோர் ஃபெஸ்ட் நோஸ் என்னும் இரவுக் கூடலைப் புத்துயிர்ப்பித்தார்கள்; 2012இல் யுனெஸ்கோ அதைத் தன் பட்டியலில் சேர்த்தது. பகாட் முழுவதும் பழைமையானதன்று. தூய்மைவாதிகள் முகம் சுளிப்பதற்கு அதில் நிறையவே இருக்கிறது. ஆனால் பரம்பரையில் பிறவாத இளைஞன் ஒருவன் அங்கே சென்று ஒரு குழலைக் கையில் வாங்கிக்கொள்ள முடிந்தது. பழைய இருக்கை போனபோது அவர்கள் புதிய இருக்கை ஒன்றைச் செய்தார்கள்.

பெங்களூரில் அத்தகைய இருக்கை செய்யப்பட்டது நாகசுரத்துக்கு அன்று, தாளத்துக்கு. கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷனின் வரலாற்று முக்கியத்துவம் இங்கேதான் இருக்கிறது. கொன்னக்கோலுக்குக் கருவி வேண்டாம், சீவாளி வேண்டாம், தோல் வேண்டாம், வாய் போதும். மூன்றுக்குத் ‘தகிட’, நான்குக்குத் ‘தகதிமி’, ஐந்துக்குத் ‘தகதகிட’, ஏழுக்குத் ‘தகிட தகதிமி’. எண்ணிக்கையாகச் சொல்லலாம், தாளில் எழுதலாம், ஒரு பட்டறையில் சில நாளில் தொடங்கி வைக்கலாம். ஒற்றைப்படைத் தாளங்களைத் தேடிக்கொண்டிருந்த ஜாஸ் உலகத்துக்கு இது கைக்கு எட்டிய புதையல். எம்பிரியோ குழுவினர் 1970களின் இறுதியில் ஐரோப்பாவிலிருந்து தரைவழியே இந்தியா வந்தபோது இக்கல்லூரிக் கலைஞர்களோடு வாசித்தார்கள், மரியானோவும் வந்தார்.

இதை மேலைநாட்டார் நம்மிடமிருந்து ‘எடுத்துச்சென்ற’ கதையாகச் சொல்வது இன்று எளிது. ‘ஜோதி’ அதற்கு இடம் தரவில்லை. அத்தட்டின் உருப்படிகளில் பெரும்பாலானவை ரமாமணியின் ஆக்கங்கள். அட்டையில் முதலில் நிற்பது அமெரிக்கரின் பெயர் என்றாலும், இசைக்குள் அவர் ஒரு கன்னட நாட்டுப் பெண் கலைஞரின் கட்டமைப்புக்குள் நின்று வாசிக்கும் விருந்தினர். குரல் செல்லும் வழியில் சாக்சபோன் பின்தொடர்வதைக் கவனித்துக் கேளுங்கள். இருக்கை யாருடையது என்பது விளங்கும்.

இக்கல்லூரியின் மற்றொரு மாணவரை நான் இன்னும் முக்கியமானவராகக் கருதுகிறேன். ரமேஷ் சோதம் சென்னையில் பிறந்தவர். ‘ஹியூமன் பாண்டேஜ்’ என்னும் ராக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். பெங்களூர் வந்து இங்கே தவில் கற்றார். பின்னர் ஜெர்மனியின் கொலோன் நகரில் வாழ்ந்து ஐரோப்பிய மேடைகளில் தவிலை ஒலிக்கச் செய்தார். தமிழ்நாட்டுத் தலைநகரில் பிறந்த ஒருவர் தமிழ்நாட்டின் தலையாய தோற்கருவியை அயல் மாநிலத்துக் கல்லூரி ஒன்றில் கற்கிறார். மரியானோவைப் புதியவர் என்போமானால் இவரை என்னென்பது? தவில் வாசிக்கும் வீட்டில் பிறக்காத தமிழனும் தவிலுக்கு அயலானே. கடல் கடந்த தொலைவைவிடத் தெருக் கடந்த தொலைவு சில வேளைகளில் அதிகம்.

உள்ளிருந்தே நுழைந்த வேறொருவரையும் நினைத்துப் பார்க்க வேண்டும். ஷேக் சின்ன மௌலானா (1924–1999) ஆந்திரத்துக் கரவதியில் நாகசுரக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். தஞ்சாவூர் பாணியின் மீது கொண்ட வேட்கையால் நாச்சியார்கோயில் ராஜம் – துரைக்கண்ணு சகோதரர்களிடம் பயின்று, திருவரங்கத்தில் குடியேறி, அங்கேயே ஒரு நாகசுரப் பள்ளியும் நிறுவினார். 1998இல் சங்கீத கலாநிதி ஆனார். அவருக்கு மொழி வேறு, சமயம் வேறு, பாணி வேறு. ஆனால் சீவாளி பழக்கமான உதடு. மரியானோவுக்கு இல்லாதது இதுவே. ஒரு மரபுக்குள் நுழைவதில் சமயத்தைவிடவும் நாட்டைவிடவும், உடல் சிறுவயதில் எதற்குப் பழகியது என்பது வலிய காரணம் என்று இவ்விருவரையும் அருகருகே வைத்துப் பார்க்கையில் தோன்றுகிறது.

குரலின் கதை வேறு. அமெரிக்கரான ஜான் ஹிக்கின்ஸ் (1939–1984) வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் தொடங்கி, டி. விஸ்வநாதனிடமும் டி. ரங்கநாதனிடமும் அவர்தம் தமக்கை பாலசரஸ்வதியிடமும் கற்று, ‘பாகவதர்’ என்றே அழைக்கப்பெறும் அளவுக்கு ஏற்கப்பட்டார். மேன்டில் ஹூட் 1960இல் முன்வைத்த ‘இரு இசைமை’ என்னும் கருத்துக்கு, அதாவது ஆய்வாளர் பிற மரபை வாசித்தும் பாடியும் உள்ளிருந்து அறிய வேண்டும் என்பதற்கு, இதைவிடச் சிறந்த சான்று அரிது. அவருக்குக் கற்பித்த குடும்பம் சபா மேடைகள் தோன்றுவதற்கு முன்பே கலையைக் காத்த மரபினது என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். பாராட்டு ஏனோ மாணவரிடமே நின்றுவிடுகிறது.

எதிர்த்திசையில் வந்தவர் கத்ரி கோபால்நாத் (1949–2019). தென் கன்னட மாவட்டத்தில் நாகசுரக் கலைஞரின் மகனாகப் பிறந்தவர். மைசூர் அரண்மனைப் பேண்டு வாத்தியத்தில் சாக்சபோனைக் கேட்டு அதற்கு மாறினார். கமகத்துக்கு வளையாத சாவிகளை ஆண்டுக்கணக்கான உழைப்பால் வளைய வைத்தார். மரியானோவின் கருவியை அவர் ஏற்றார்; அவர் வீட்டுக் கருவியை மரியானோ தேடிவந்தார். கத்ரியின் சாக்சபோனில் நாகசுரத்தின் மூச்சு கேட்கிறது என்று இரசிகர் பலர் சொல்வர். அது வியப்பன்று. புதிய கருவிக்கு அவர் கொண்டுவந்தது பழைய வீட்டின் செவி.

இங்கே ஒரு தடை எழலாம்: இவை செவ்வியல் இசை பற்றியன அல்லவா, நாட்டார் இசை எங்கே? நாகசுரமும் தவிலும் கோயிலில் பெரிய மேளம்; கரகாட்டத்துக்கு அவையே பம்பை முதலியவற்றோடு சேர்ந்து நையாண்டி மேளம். பழைய மைசூர்ப் பகுதியின் கன்னடத்தில் இவ்வகை மேளத்துக்கு ‘ஓலக’, ‘வாலக’ என்று பெயர். திருமணத்துக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் அதுவே. கருவி ஒன்று, உதடு ஒன்று. செவ்வியல், நாட்டார் என்னும் கோடு அதன் நடுவே கிழிக்கப்பட்டது. அயலிலிருந்து கற்க வந்தோரைப் பெரும்பாலும் நாம் கோட்டின் ஒரு பக்கத்துக்கே அழைத்துச் சென்றோம். நையாண்டி மேளத்தில் தவில்காரரின் வேகத்தை ஓர் ஜாஸ் டிரம்மர் கேட்டிருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று எண்ணிப் பார்ப்பதுண்டு. அதற்குக் கல்லூரியும் இல்லை, எழுதப்பட்ட பாடமும் இல்லை.

‘ஜோதி’யில் நாகசுரம் ஏன் இல்லை என்ற கேள்விக்கு என் விடை இதுதான்: பெங்களூரில் அவர் சந்தித்த நிறுவனம் சொற்கட்டைக் கற்பித்தது, சொற்கட்டுக்கு எந்தக் கருவியும் ஒன்றே. எனவே அவர் தம் உதடு நன்கறிந்த கருவியைக் கையில் எடுத்தார். தாளம் பயணம் செய்தது, சீவாளி தங்கிவிட்டது. அதே கல்லூரியில் தவில் பயின்ற சோதம் தம் கருவியையே கொலோன் வரை கொண்டுசென்றார் என்பது இவ்விடையைச் சற்றுச் சிக்கலாக்குகிறது. தவிலுக்கு வார் பிடிக்க வேண்டும், வலக்கை விரல்களுக்குக் கூடு செய்ய வேண்டும், தோல் மாற்ற வேண்டும். இவற்றை அவர் அங்கே எவ்வாறு நடத்தினார் என்பது தனி ஆய்வுக்குரியது. கருவிப் பராமரிப்பின் வரலாறாக அதை எழுத மாணவர் எவரேனும் முன்வந்தால் மகிழ்வேன்.

1970, 80களில் பெங்களூரில் நடந்த இத்தகைய கூட்டு நிகழ்ச்சிகளின் அழைப்பிதழ்கள், துண்டறிக்கைகள், வீட்டில் பதிந்த ஒலிநாடாக்கள் யாரிடமேனும் இருப்பின் தனிச்செய்தியில் தெரிவிக்க வேண்டுகிறேன். நாடா பூஞ்சை பிடித்திருந்தாலும் எறிந்துவிட வேண்டாம்.