பேண்டு செட்டில் டிரம்பெட்டுக்கு நேர் முன்னால் நிற்பது ஆபத்தா? காதுக்குள் என்ன நடக்கிறது?

புதுச்சேரி குருசுக்குப்பம் மாதிரி பகுதிகளில் பேண்டு செட் ஊர்வலம் தெருவைத் தாண்டிப் போன பிறகும் சிலருக்குக் காதுக்குள் 'ஙொய்ங்'னு சத்தம் நிற்காது. காதில் உள்ள நுண்ணிய உணர்செல்கள் களைத்துவிட்டதற்கான அடையாளம் அது. பெரும்பாலும் சில மணி நேரத்தில் சரியாகிவிடும். அடிக்கடி நடந்தால் அந்தச் செல்கள் செத்துப்போகும், திரும்ப முளைக்காது.

எவ்வளவு சத்தம் தாங்கும்?

85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம்தான். டிரம்பெட், டிராம்போனைப் பக்கத்தில் நின்று கேட்டால் 100-ஐ சுலபமாகத் தாண்டும்.

இதில் பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று. பலமாக ஊதும்போது குழாய்க்குள் ஒலி அலை கூர்மையாகி, காதைக் கிழிக்கும் உயர் சுரங்கள் பிறக்கின்றன. அவை டார்ச் வெளிச்சம் போல வாய்ப்பகுதி பார்க்கும் திசையிலேயே பாயும். அதனால் ஊதுபவரைவிட எதிரே நிற்பவருக்குத்தான் அடி அதிகம்.

லண்டன் வழக்கு

ராயல் ஓபரா ஹவுஸ் இசைக்குழுவில் வயோலா வாசித்த கிறிஸ்டோபர் கோல்ட்ஷைடருக்கு நடந்தது இதுதான். 2012 செப்டம்பரில் வாக்னரின் ஓபரா ஒன்றுக்கான ஒத்திகையில், பித்தளைக் கருவிக் கலைஞர்களுக்கு நேர் முன்னால் அவருக்கு இடம். சத்தம் உச்சத்தில் 130 டெசிபலைத் தாண்டியது. செவித்திறன் பாதித்து, அவருடைய இசை வாழ்க்கையே முடிந்தது. 2018-ல் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2019-ல் மேல்முறையீட்டிலும் நிர்வாகத்தின் பொறுப்பு உறுதியானது. இத்தனைக்கும் அவர் வாசித்தது ஊதுகருவியே இல்லை!

நம்ம ஊர் விதி என்ன?

2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. ஆனால் இது அக்கம்பக்கத்தாரின் நிம்மதிக்கான அளவு. வாசிக்கும் கலைஞரின் காதை இந்த எண்கள் கணக்கில் எடுப்பதில்லை.

ஊர்வலத்தில் என்ன செய்யலாம்?

குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு பேண்டுக்கு முன்னால் நடக்காதீங்க, அதன் காது டிரம்பெட் வாய்க்கு நேராக இருக்கும். பக்கவாட்டுக்கோ பின்னாலோ போய்விடலாம். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சுமார் 6 டெசிபல் குறையும். குறுகலான தெருவில் சுவரில் மோதித் திரும்புவதால் அவ்வளவு குறையாது. தினமும் வாசிக்கிறவர்களுக்கு, சுரம் கெடாமல் சத்தத்தை மட்டும் குறைக்கும் இசைக்கலைஞர் காதடைப்பான்கள் கிடைக்கின்றன. காதுக்குள் சத்தம் மறுநாளும் நிற்கவில்லை என்றால் காது-மூக்கு-தொண்டை மருத்துவரைப் பாருங்க.