ஒன்பது பார்

கோப்பெங்கில் அத்தை நடத்தும் சின்னக் கடையில் ஒரு தானியங்கிக் காப்பி இயந்திரம் இருக்கிறது. பழையதாக வாங்கியது. போன மாதம் காப்பி தண்ணியாக இறங்க ஆரம்பித்தது. வில்லையாக விழவேண்டிய சக்கை சேறாகக் கிடந்தது. "தம்பி, இத தூக்கிப் போட்டுட்டு பழைய துணி வடிகட்டிக்கே போயிடவா?" என்றார் அத்தை. கதவைத் திறந்து, காப்பி வடிக்கும் பகுதியை உருவி மேசைமேல் வைத்தேன்.

கைப்பிடி அளவுள்ள இந்தப் பெட்டிக்குள் ஒரு நூற்றாண்டு வரலாறு அடைந்துகிடக்கிறது. 1901இல் மிலானைச் சேர்ந்த லூயிஜி பெசேரா நீராவி அழுத்தத்தில் காப்பி வடிக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். நீராவி தந்த அழுத்தம் குறைவு, காப்பியும் கருகும். 1940களின் இறுதியில் அக்கிலே காஜ்ஜியா நெம்புகோலும் பிஸ்டனும் வைத்து அழுத்தத்தை ஏறத்தாழ 9 பாருக்கு உயர்த்தினார். காப்பியின்மேல் பொன்னிற நுரை தோன்றியது அதன் பிறகுதான். 1961இல் ஃபாயெமா நிறுவனத்தின் இ61 இயந்திரத்தில், கை செய்த வேலையை மின்பம்பு எடுத்துக்கொண்டது. 1985இல் அரைப்பதும் அழுத்துவதும் வடிப்பதும் தானே செய்யும் இயந்திரத்தை சாயிகோ வீடுகளுக்குக் கொண்டுவந்தது.

9 பார் என்றால் எவ்வளவு? ஏறக்குறைய 90 மீட்டர் உயரத் தண்ணீரின் பாரம். கோப்பெங்காரர்களுக்கு இது புதிதல்ல. மலைத்தண்ணீரைப் பெரிய இரும்புக் குழாய்களில் இறக்கி, அந்த வேகத்திலேயே மண்ணைக் கரைத்து ஈயம் எடுத்த லம்பங்கள் இங்கே இருந்தன. உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீரின் பலத்தை நம் ஊர் மண் அறியும்.

காப்பியையும் அறியும். 1869இல் இலங்கையில் பரவத் தொடங்கிய இலைத்துரு நோய் அங்கே காப்பித் தோட்டங்களை அழித்தது. மலாயாவில் லைபீரிகா காப்பி நட்டார்கள். அதில் வேலை செய்யத் தமிழர்கள் வந்தார்கள். 1890களில் பிரேசில் காப்பி குவிந்து விலை சரிந்ததும், தோட்டங்கள் ரப்பருக்கு மாறின. நம்மவர்களும் கூடையை வைத்துவிட்டுப் பால்வாளியைத் தூக்கினார்கள். பயிர் மாறியது, பெரட்டு மாறவில்லை.

அத்தையின் பெட்டிக்கு வருவோம். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் காய்ந்து இறுகியிருந்தது. தண்ணீர் காப்பித்தூளைத் துளைக்காமல் ஓரமாக நழுவிக்கொண்டிருந்தது. வெதுவெதுப்பான நீரில், சோப்பில்லாமல், பெட்டியைக் கழுவிக் காயவைத்தேன். புது வளையம் மாட்டி, உணவுத்தரச் சிலிக்கோன் கிரீஸ் கொஞ்சமாகத் தடவினேன். சறுக்குத் தடங்களுக்கும் ஒரு துளி. பிறகு அரைவையை ஒரு புள்ளி நுணுக்கினேன். அதை அரைப்பான் ஓடும்போதுதான் திருப்பவேண்டும். வாரம் ஒருமுறை கழுவ வேண்டும், காய்ந்தால் கிரீஸ் போடவேண்டும் என்று அத்தைக்குக் காட்டிக்கொடுத்தேன்.

வளையத்தின் விலை ஒரு கோப்பைக் காப்பிக்கு மேல் இல்லை. இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றவர்களின் பெயர் நமக்குத் தெரிகிறது. தோட்டத்தில் உருளை இயந்திரத்துக்கு எண்ணெய் போட்ட தாத்தாக்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. ஆனாலும் அவர்கள் ஒருநாள் மறந்திருந்தால் ஷீட்டு இறங்கியிருக்காது.

மறுநாள் சக்கை வில்லையாக விழுந்தது. அத்தை அதை எடுத்து ரோஜாச் செடிக்குப் போட்டார்.