குடல் சுத்திகரிப்பு (சிங்கப்பூர்)

பெருங்குடல் உள்நோக்கிச் சோதனைக்கு முன் குடலை வெறுமையாக்கும் ஆயத்தம். சிங்கப்பூரில் 50 வயது முதல் பரிந்துரைக்கப்படும் மலப் பரிசோதனையில் மறைந்த ரத்தம் தென்பட்டால் அடுத்த படி இச்சோதனையே.

குடலை வெறுமையாக்கும் மருந்துகளுள் ஒன்றான ஃபோர்ட்ரான்ஸின் ஒவ்வொரு பொட்டலத்தையும் 1 லிட்டர் நீரில் கரைத்துக் குடிக்கவேண்டும். அளவு மலைக்க வைக்கும்; ஆயினும் அதிலுள்ள பாலிஎத்திலீன் கிளைக்கால் உடலின் உப்புச் சமநிலையைப் பெரிதும் குலைப்பதில்லை. சிறுநீரகம் பழுதானோருக்கு இதுவே மேல். மற்றொரு மருந்தான பிகோபிரெப் ஒரு குவளை நீரில் அடங்கும். ஆனால் மெக்னீசியம் கொண்டது, பின்னர் தெளிந்த நீராகாரமும் நிறைய வேண்டும்.

எம்மருந்தாயினும் பாதியை முந்திய மாலையும் மீதியைச் சோதனை நாளிலும் பிரித்துக் குடித்தால் குடல் நன்கு தெளியும். தேக்கா சந்தையில் வாங்கும் கீரை, முருங்கைக்காய், பருப்பு ஆகியவற்றை முந்தைய நாட்களில் விலக்கி, வெள்ளைச் சோறோ கஞ்சியோ உண்ணலாம். நீரிழிவு மருந்தோ ரத்த உறைவுத் தடுப்பு மருந்தோ உட்கொள்வோர் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும்.