சாபம் தீர்ந்த செம்மண்

நம் திரிங்காப்பில் ஒரு மணி நேரம் மழை பெய்தால் போதும், சாலையோரக் கால்வாயில் ஓடும் தண்ணீர் பால் கலந்த தேநீர் போலாகிவிடும். அது வெறும் தண்ணீர் அல்ல, நம் மலையின் மண். கேமரன் மலைச் சரிவுகளில் கரையும் மண், 1963-இல் கட்டி முடிக்கப்பட்ட ரிங்லெட் அணையில் போய்ப் படிகிறது. 2013 அக்டோபரில் அந்த அணை திறக்கப்பட்டபோது, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் பறிபோயின.

இழந்த மண்ணை மீட்க முடியுமா? தமிழ்நாட்டில் ஒரு சாட்சி இருக்கிறது.

புதுச்சேரிக்கு வடக்கே, இரும்பை என்ற ஊரில் ஒரு கதை சொல்வார்கள். கோயில் விழாவில் ஆடிய பெண்ணின் சிலம்பு கழன்று விழுந்தது. கடுவெளிச் சித்தர் அதை எடுத்து அவள் காலில் அணிவித்தார். ஊர் சிரித்தது. சினந்த சித்தர், இந்த நிலம் பாலையாகட்டும் என்று சபித்தாராம். தூர தேசத்தார் வந்து சாபத்தைத் தீர்ப்பார்கள் என்பது கதையின் முடிவு.

கதை எப்படியோ, நிலம் பாலையானது உண்மை. காடு அழிந்தது; கால்நடைகள் மேய்ந்தன; பருவமழை செம்மண்ணை வங்கக் கடலுக்கு அடித்துச் சென்றது. 1968 பிப்ரவரி 28-ஆம் நாள், அந்தப் பொட்டல் மேட்டில் ஆரோவில் நகரம் தொடங்கப்பட்டது. 124 நாடுகளின் மண்ணைத் தாமரை மொட்டு வடிவத் தாழி ஒன்றில் இட்டார்கள். மண்ணையே கலையாக்கிய சடங்கு அது.

ஆனால், சடங்கால் மரம் முளைக்காது. வெளிநாட்டவரும் சுற்றுக் கிராமத் தமிழர்களும் சேர்ந்து வரப்பு கட்டினார்கள், ஓடைகளில் தடுப்பணை போட்டார்கள். விழுந்த மழையை விழுந்த இடத்திலேயே நிறுத்துவதுதான் சூத்திரம். முதலில் வறட்சி தாங்கும் கத்திச் சவுக்கு. அதன் நிழலில் கருங்காலி போன்ற மண்ணின் மரங்கள். இருபது லட்சத்துக்கும் மேல் நட்டதாகக் கணக்கு. பறவைகள் திரும்பின.

அங்கும் சிக்கல் தீரவில்லை. 2021 டிசம்பரில் வட்டச் சாலைக்காக மரங்கள் சாய்க்கப்பட்டன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வளர்க்க ஐம்பது ஆண்டு. வெட்ட ஒரே நாள்.

நம் முன்னோர் இம்மலையில் தேயிலை நட்டபோது, வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டது. இன்று சரிவுகளைச் சீவிக் காய்கறி போடுகிறோம். பிழைப்பு வேண்டும்தான், மண் போனால் பிழைப்பும் போகும். நமக்குச் சித்தர் சாபம் இல்லை, அன்பர்களே. சாபத்தை நாமே தேடிக்கொள்ள வேண்டாம்.