தோம்பில் பதியாத பக்தி

செவ்வாய்க்கிழமைகளில் கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோவில் வாசலில் மெழுகுதிரி விற்பவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ஜிந்துப்பிட்டியிலிருந்து நெற்றியில் குங்குமத்தோடு வரும் பெண்கள், வெள்ளைச் சேலையில் வரும் சிங்கள ஆச்சிகள், தலையில் முக்காடிட்ட தாய்மார் என்று எல்லோரும் ஒரே வரிசையில் நகர்வார்கள். சுரூபத்தின் அருகே வந்ததும் கையை வைத்துத் தொட்டு, அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவார்கள். நீ எந்தச் சமயம், ஞானஸ்நானம் பெற்றவளா என்று வாசலில் எவரும் கேட்பதில்லை. பெயரை எழுதிக்கொள்வதும் இல்லை.

அங்கிருந்து நடந்தால் கால் மணி நேரம்கூடப் பிடிக்காத மேட்டில் இன்னொரு கோவில் நிற்கிறது. அது பெயர்களை எழுதிவைத்தவர்களின் கோவில்.

வொல்பெண்டால் என்ற அந்தத் தேவாலயத்துக்கு ஒல்லாந்தர் 1749இல் அடிக்கல் நாட்டி, 1757இல் திறந்தார்கள். சிலுவை வடிவத் தரை, தடித்த சுவர்கள், அலங்காரம் அதிகமில்லாத கண்டிப்பான தோற்றம். துறைமுகத்துக்குள் வரும் கப்பல்களின் கண்ணில் படும்படி மேட்டில் கட்டப்பட்ட இக்கோவில், ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனிக்கு இலங்கையில் இருந்த செல்வாக்கின் அடையாளம். கும்பனியின் ஆட்சியில் சமயமும் நிர்வாகத்தின் ஒரு கிளையாகவே நடந்தது.

நிர்வாகத்தின் கையில் இருந்த கருவி தோம்பு என்ற பதிவேடு. காணியை அளந்து எழுத ஒரு தோம்பு, ஆட்களை எழுத இன்னொரு தோம்பு. கிராமத்துப் பள்ளிக்கூடமே கோவிலாகவும் இருந்தது. அதன் சட்டம்பியார் பள்ளித் தோம்பில் ஞானஸ்நானம், திருமணம் எல்லாவற்றையும் பதிந்துவைப்பார். அந்தப் பதிவு இல்லாவிட்டால் கலியாணத்தைச் சட்டம் ஒப்புக்கொள்வது கடினம், பிள்ளைகளுக்குக் காணி சேர்வதும் கடினம். முதலியார் பதவியிலிருந்து சின்ன உத்தியோகம் வரைக்கும் புரட்டஸ்தாந்துச் சபையின் ஞானஸ்நானம் வேண்டியிருந்தது. அவர்களுக்கு முன் ஆண்ட பறங்கியரான போர்த்துக்கேயரும் பட்டத்தையும் பதவியையும் காட்டி ஆள் சேர்த்தவர்களே. ஒல்லாந்தர் அதையே கணக்குப்பிள்ளையின் ஒழுங்கோடு செய்தார்கள்.

சனங்களும் அதற்கேற்ற வழி கண்டுகொண்டார்கள். பிள்ளையின் பெயரைத் தோம்பில் எழுதிவிட்டு வரும் வழியில் பழைய சாமிக்கும் ஒரு தேங்காய் உடைத்தார்கள். அதைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. காணியைக் காப்பாற்ற ஒரு கையெழுத்து, மனதைக் காப்பாற்ற ஒரு தேங்காய்.

கத்தோலிக்கருக்கு அந்த வசதியும் இருக்கவில்லை. 1658இல் யாழ்ப்பாணம் வீழ்ந்த கையோடு ஒல்லாந்தர் ஒரு கட்டளை போட்டார்கள். கத்தோலிக்கக் குருவுக்கு வீட்டில் இடம் கொடுப்பவருக்கு மரண தண்டனை. குருமார் நாடு கடத்தப்பட்டார்கள். பாவசங்கீர்த்தனம் கேட்கவோ பூசை வைக்கவோ ஆள் இல்லாமல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்தன.

1687இல் தூத்துக்குடியிலிருந்து வந்த தோணியில் கூலியாள் வேடத்தில் ஒருவர் யாழ்ப்பாணக் கரையில் இறங்கினார். கோவாவில் பிறந்த ஓரடோரியன் குரு யோசேப் வாஸ். வந்த இடத்தில் கத்தோலிக்கர் யார் என்று அவருக்குத் தெரியாது. கேட்டால் காட்டிக்கொடுக்கப்படலாம். கழுத்தில் ஒரு செபமாலையைத் தொங்கவிட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை எடுக்கப் போனார். கதவைத் திறந்தவர் பிச்சைக்காரனைப் பார்த்தாரா, செபமாலையைப் பார்த்தாரா என்பதைக் கவனித்தார். செபமாலையில் ஒரு கணம் தங்கிய கண்களைக் கொண்டே தன் மந்தையைக் கண்டுபிடித்தார். தோம்பில் தேடியிருந்தால் அந்த வீடுகளில் புரட்டஸ்தாந்துகள்தான் இருந்திருப்பார்கள்.

சில்லாலை அவருக்கு மறைவிடமானது. 1689 நத்தார் இரவில் யாழ்ப்பாணத்தில் பூசைக்குக் கூடியிருந்தவர்கள் மேல் ஒல்லாந்தச் சிப்பாய்கள் பாய்ந்தார்கள். வாஸ் அகப்படவில்லை. அகப்பட்ட சனங்களுக்குக் கடும் தண்டனை கிடைத்தது. பின்பு அவர் கண்டி இராச்சியத்துக்குப் போனார். உளவாளி என்று சந்தேகித்து முதலில் சிறைவைத்த கண்டி மன்னரே பிறகு அடைக்கலம் கொடுத்தார். 1711இல் வாஸ் கண்டியில் இறந்தார். அந்தப் பிச்சைக்கார வேடக்காரரைப் புனிதர் என்று பாப்பரசர் பிரான்சிஸ் 2015 ஜனவரி 14ஆம் திகதி கொழும்புக் காலிமுகத்திடலில் அறிவித்தபோது, கடலோரம் முழுக்கச் சனம் திரண்டிருந்தது.

வாஸின் வழியில் 1705இல் வந்தவர் ஜாக்கோமே கொன்சால்வேஸ். கோவாக்காரரான அவர் தமிழையும் சிங்களத்தையும் கற்று, இரண்டிலும் நூல்கள் எழுதிக் குவித்தார். பூசை லத்தீனில் நடந்த காலம் அது. குருவோ வருடத்தில் சில நாள் மட்டுமே வந்து போவார். மிச்ச நாட்களில் மூப்பரும் அண்ணாவியாரும் சனத்தைக் கூட்டிச் செபம் சொல்லிக்கொடுத்தார்கள். கொன்சால்வேஸ் தமிழில் எழுதிய வியாகுலப் பிரசங்கம் இத்தகைய கூட்டங்களுக்குத் தோதான நூல். தவக்காலத்தில் ஆண்டவரின் பாடுகளை ராகத்தோடு வாசிக்க, கேட்பவர்கள் தங்கள் பாவத்தை நினைத்து அழுவார்கள். குருவும் பீடமும் இல்லாத வீட்டுத் திண்ணையில் அந்த மனஸ்தாபம்தான் வழிபாடாக இருந்தது. ஈழத்திலும் தமிழகக் கரையோரங்களிலும் அதை வாசிக்கும் வழக்கம் நூற்றாண்டுகளைத் தாண்டி நின்றது.

கொச்சிக்கடைக் கோவிலின் தொடக்கத்தையும் இந்த ஒளிவுமறைவுக் காலத்திலேயே ஐதிகம் வைக்கிறது. கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ என்ற குரு வியாபாரி வேடத்தில் இங்கே திரிந்தாராம். ஒல்லாந்தர் துரத்த, முகத்துவாரப் பக்கத்து மீனவர்களிடம் வந்து சேர்ந்தார். கடல் எங்கள் கரையைத் தின்கிறது, அதை நிறுத்தச் செபம் பண்ணும், உம்மை நாங்கள் காப்போம் என்றார்கள் அவர்கள். அவர் மணலில் ஒரு சிலுவையை நட்டு முழந்தாளிட்டார், கடல் பின்வாங்கியது. அதைக் கண்ட ஒல்லாந்தர் அவருக்கே அந்த நிலத்தைக் கொடுத்தார்கள் என்று கதை முடிகிறது. மண் சுவர்க் கோவிலாகத் தொடங்கியது 1806இல் பெரிதானது. 1822இல் கோவாவிலிருந்து அந்தோனியார் சுரூபம் வந்தது. இன்றைய கோவிலுக்கான வேலை 1828இல் தொடங்கி 1834இல் நிறைவேறியது.

1806 என்ற ஆண்டு தற்செயல் அல்ல. 1796இல் கொழும்பைப் பிடித்த ஆங்கிலேயர், தேசாதிபதி மெயிட்லண்ட் காலத்தில், அந்த ஆண்டிலேயே கத்தோலிக்கர் மேலிருந்த தடைகளை நீக்கினார்கள். மறுபுறத்தில், ஞானஸ்நானம் இல்லாவிட்டால் உத்தியோகம் இல்லை என்ற நிலையும் தளர்ந்தது. 1801இல் மூன்று லட்சத்துக்கும் மேல் என்று கணக்கிடப்பட்ட புரட்டஸ்தாந்துகள், பத்தாண்டுகளில் பாதிக்கும் கீழே போய்விட்டார்கள். பிற்காலத்தில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், இலங்கைக் கிறிஸ்தவம் பற்றி 1850இல் எழுதிய நூலில் இந்தச் சரிவை விரிவாகப் பேசுகிறார். ஒளிந்து பூசை கண்டவர்களின் கூட்டமோ குறையவில்லை.

ஆனால் தோம்புக்காரர் எல்லோரும் வேடதாரிகள், கொச்சிக்கடைக்காரர் எல்லோரும் பக்தர் என்று பிரித்துவிடவும் வரலாறு இடம் கொடுப்பதில்லை. 1723இல் கொழும்புச் செட்டிக் குடும்பத்தில் பிறந்த பிலிப் த மெல்லோ, ஒல்லாந்தரின் கொழும்புச் செமினரியில் படித்து அவர்களின் சபையிலேயே குருவானவர். எபிரேயமும் கிரேக்கமும் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் ஆக்கினார். அது 1759இல் கொழும்பில் அச்சேறியது. பதவிக்காக மட்டும் வந்தவர் இவ்வளவு பாடுபட வேண்டியதில்லை. அவருடைய சமூகத்தினர் பலர் ஒல்லாந்தர் போன பின்பும் புரட்டஸ்தாந்துச் சமயத்தை விட்டு ஓடவில்லை. ஜிந்துப்பிட்டியில் அவர்களுக்கென்று எழுந்த தோமாவின் கோவில் இன்றும் நிற்கிறது.

அந்தோனியாரிடம் வருபவர்களைப் பற்றியும் ஒரு முணுமுணுப்பு எப்போதும் உண்டு. தொலைந்த நகை, தள்ளிப்போகும் கலியாணம், வெளிநாட்டு விசா என்று கேட்க வருகிறார்கள், கிடைத்தால் நேர்த்திக்கடன் கட்டுகிறார்கள். இது வழிபாடா, கொடுக்கல் வாங்கலா? பங்குக் குருமாரே பிரசங்கத்தில் இதைக் கேட்பதுண்டு. ஆனால் செவ்வாய்க்கிழமை வரிசையில் கொஞ்சம் நின்று பார்த்தால், கேட்டது கிடைக்காதவர்களும் திரும்ப வந்து நிற்பது தெரியும்.

பக்தி மூர்க்கமாக மாறிய நாளும் கொச்சிக்கடைக் கோவில் நிற்கும் கொட்டாஞ்சேனைப் பகுதிக்கு உண்டு. 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு. மிகெட்டுவத்தே குணானந்த தேரரின் தீபதுத்தாராம விகாரைக்குப் போன பௌத்தப் பெரஹராவும், லூசியா பேராலயத்தைச் சுற்றியிருந்த கத்தோலிக்கரும் மோதிக்கொண்டார்கள். இரு பக்கமும் சமயத்தின் பெயராலேயே தடி தூக்கியது.

நூற்று முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து இன்னொரு உயிர்த்த ஞாயிறு. 2019 ஏப்ரல் 21 காலை, பூசைக்கு நிறைந்திருந்த கொச்சிக்கடைக் கோவிலுக்குள் தற்கொலைக் குண்டு வெடித்தது. கோபுர மணிக்கூடு 8.45இல் நின்றது. அன்று நாடு முழுவதும் 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நாட்டின் கத்தோலிக்கக் கோவில்களில் பூசை நிறுத்தப்பட்டது. கர்தினால் மல்கம் ரஞ்சித் தன் இல்லத்தில் வைத்த பூசையைச் சனங்கள் தொலைக்காட்சியில் கண்டார்கள்.

அடுத்த ஞாயிறு, ஏப்ரல் 28. கோவில் பூட்டியிருந்தது, தெருவில் பொலிஸ் தடுப்பு. அப்படியும் சனம் வந்து தடுப்புக்கு வெளியே நின்றது. 8.45க்கு மணி அடித்தது. தெருவிலேயே மெழுகுதிரி ஏற்றினார்கள். கடற்படையினர் திருத்திக் கொடுத்த கோவில், அந்தோனியார் பெருநாளுக்கு முதல் நாளான ஜூன் 12ஆம் திகதி மீண்டும் திறந்தது.

அதன் பிறகு வாசலில் பை சோதிக்கும் வழக்கம் வந்தது. பையைத் திறந்து காட்டிவிட்டு மெழுகுதிரியும் பூவுமாக உள்ளே போனார்கள். அப்போதும் எவரும் பெயர் கேட்கவில்லை.